பேரரசர் நெஞ்சில் எழுதியிருந்தது

வோர மொழியில் 'தியாகம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவள் மங்கையர்க்கரசி. கண்டுபிடித்த மறுவாரமே கோதண்டம் அதைத் தன் வலது கையில் பச்சை குத்திக்கொண்டார். கூட்டுறவு வங்கியில் கிளை மேலாளர், ஓய்வுபெற இன்னும் சில வருஷம்தான் இருக்கிறது, சர்க்கரை வேறு. அவர் மனைவி கொஞ்ச நாளைக்கு அவருக்குச் சோறு போட்டாரே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

'வோரம்' என்பது ஒரு தொடர். தொலைதூரக் கிரகம், நெட்டையான ஆட்கள், எல்லோருக்கும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை சாம்பல் நிற அங்கி. பூந்தமல்லிக்கு வெளியே ஒரு கிடங்குக்குள்தான் அந்தக் கிரகத்தை எடுத்தார்கள். கதை சுமார். அரண்மனைத் தூண் உடையும்போது உள்ளே தெர்மோகோல் தெரியும். ஆனால் அங்கி வேறு ரகம். நடிகர் பேசும்போது அவர் நெஞ்சில் நீலச் சுழிகள் தோன்றும், நகரும், ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும், மறையும். வோரர்களால் பொய் சொல்ல முடியாது, உள்ளே இருப்பதை அங்கி எழுதிவிடும் என்று முதல் எபிசோடிலேயே ஒரு பாத்திரம் சொல்லிவைத்தது. என்ன எழுதுகிறது என்று எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை.

அதற்காகத்தான் 'வோர எழுத்து அவிழ்ப்போர் சங்கம்'. டெலிகிராமில் நாற்பதாயிரம் பேர், தலைவர் கோதண்டம். வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். காட்சியை நிறுத்த வேண்டும், நெஞ்சை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், அப்போது என்ன வசனம் ஓடுகிறது என்று குறிக்க வேண்டும். ஒரே சுழி ஒரே மாதிரிக் காட்சிகளில் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு சொல். 'அரசே' அப்படித்தான் கிடைத்தது, தர்பார் காட்சிகளில் எல்லோர் நெஞ்சிலும் அது வந்தது. 'காதல்' நாயகியின் நெஞ்சில் மட்டும், நாயகன் அருகில் வரும்போதெல்லாம் வந்தது. சங்கத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி அந்தச் சுழியைப் பத்திரிகையின் தலையில் அச்சடித்தது. பிள்ளையார் சுழிக்கு மேலே போடலாமா கூடாதா என்று பையன் வீட்டில் சண்டையே வந்தது.

மங்கை பெருங்களத்தூரில் ஒரு கண்ணாடிக்கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, இது என்ன எழுத்து, இதற்குக் கீழே என்ன எழுத்து என்று கேட்கிற வேலை. எழுத்தைப் பார்த்தால் அவளுக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பத்தெட்டு வயதுவரை எதிலும் முதலாவதாக வராதவளுக்கு வோர எழுத்து லட்டு மாதிரி அமைந்தது. சங்கத்தில் அவளை 'ஆசிரியை' என்றார்கள். கடையில் முதலாளி அவளை 'ஏம்மா' என்றார்.

அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு 'நித்தியம்'. மூடாத ஒரு வட்டம், உள்ளே ஒரு சின்னக் கோடு. மற்ற எழுத்துகளைப்போல் வளையாமல் நெளியாமல் கம்பீரமாக வரும். பேரரசர் ஆக்கானின் அங்கியில் மட்டும்தான் வரும். முதல் சீசனில் ஒரே ஒரு முறை, இரண்டாவதில் அங்கங்கே, மூன்றாவதில் ஒரு நீண்ட உரைக்குள்ளேயே மூன்று முறை. பேரரசர் மெல்ல மெல்லச் சாவைக் கடந்துகொண்டிருக்கிறார் என்று மங்கை எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு ரசிகர் அழுததாகத் தகவல். அதற்கப்புறம் சங்கத்தில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. விரலால் காற்றில் மூடாத வட்டம் போடுவார்கள்.

தயாரிப்பு நிறுவனம் சும்மா இருக்குமா. நான்காவது சீசன் அறிமுக விழாவில் சங்கம் தொகுத்த வோர அகராதியைப் புத்தகமாகவே வெளியிடுகிறோம் என்றார்கள். அட்டையில் மங்கையின் பெயர். மேடையில் பேரரசரே முதல் பிரதியைக் கொடுப்பார். மங்கை ஒரு பட்டுப்புடவை எடுத்து, தங்கச்சியைக் கூட்டிப்போய் ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். சுழிகளின் வடிவம் அச்சில் சரியாக வர வேண்டுமே, ஆடை வடிவமைப்பாளரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று நிறுவனம் சொன்னது. யோசிக்காமல் சொல்லிவிட்டார்கள். அகராதியை அங்கே யாரும் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

ஆடை வடிவமைப்பாளர் பெயர் பெனாசிர். கிடங்கின் பின்பக்கம், அங்கிகள் வரிசையாகத் தொங்கும் ஓர் அறையில், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மங்கைக்கு டீ சொல்லிவிட்டு அச்சுப் பிரதியைப் புரட்டினார். 'தியாகம்' பக்கத்தில் நின்றார்.

"இதுக்கு எப்படி இந்த அர்த்தம் வந்துச்சு?"

மங்கை இதற்காகவே காத்திருந்தவள்போல் ஆரம்பித்தாள். முதல் சீசன் கடைசியில் தளபதிகள் சாகப் போகும்போது அத்தனை பேர் நெஞ்சிலும் வருகிறது. இரண்டாவது சீசனில் தாய் மகனைப் போருக்கு அனுப்பும்போது வருகிறது. எங்கே வந்தாலும் விடைபெறும் காட்சி.

பெனாசிர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பில் தோள்கள் குலுங்கின. 

"அந்த சீன் எல்லாம் வெட்டாம ஒரே ஷாட்ல எடுக்கணும்னு டைரக்டர் ஒத்தக் கால்ல நின்னாரு. அங்கிக்குப் பின்னாடி முதுகு பூரா முடிச்சு. கழட்டி மாட்ட அரை மணி ஆகும். அதனால யாரையும் பாத்ரூமுக்கு விடல. அடிவயிறு இறுகினா இந்தச் சுழி வரும். நான்தான் வரைஞ்சேன்."

மங்கைக்கு முதலில் நினைவுக்கு வந்தது கோதண்டத்தின் வலது கை.

பெனாசிர் மீதியையும் சொன்னார். ஒருமுறை ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை, பாவம், மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். திருப்பூரில் ஒரு கம்பெனி ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்று ஒரு துணி தயாரித்தது. நாடி, மூச்சு, வேர்வை, வயிற்றின் இறுக்கம் என்று எல்லாவற்றையும் துணியே அளந்து நெஞ்சில் எண்ணாகக் காட்டும். நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை, வாசலிலிருந்தே படித்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான், ஆனால் நெஞ்சில் எண் ஓடுவதைப் பார்த்தே நோயாளிகள் பயந்துபோனார்கள், கம்பெனி படுத்துவிட்டது. துணியைக் கிலோ கணக்கில் விற்றார்கள். உயிருள்ள எழுத்து வேண்டும், ஆனால் கிராபிக்ஸுக்குக் காசு கிடையாது என்று டைரக்டர் சொல்லியிருந்தார். பெனாசிர் மூட்டையோடு வாங்கிவந்து எண்களை எடுத்துவிட்டுத் தன் சுழிகளைப் போட்டார்.

'அரசே' என்பது பசி. பேரரசராக நடிக்கும் துரைசிங்கம் மதியச் சாப்பாட்டுக்குமேல் நடிக்க மாட்டார், தூங்கப் போய்விடுவார். ஆகவே தர்பார் காட்சியெல்லாம் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு எடுத்தவை. 'காதல்' என்பது மூச்சை அடக்குவது. நாயகன் தினமும் பிரியாணிக்கு ஒரு தட்டு பச்சை வெங்காயம் தின்கிறவர்.

"நடிக்கறவங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"ஒப்பந்தத்துல எங்கயோ ஒரு வரி இருக்கு. யாரு படிக்கறா. இது வெளிய தெரிஞ்சா என்னை ஓட ஓட விரட்டுவாங்க."

மங்கை அச்சுப் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் மூன்று வருஷத்தை இழுத்துக்கொள்வதுபோல்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி நீட்டினாள். இதுவாவது ஏதாவது நல்லதாக இருக்கட்டும் என்ற நப்பாசை. மூடாத வட்டம், உள்ளே கோடு.

"இது என்ன மேடம்? ஏப்பமா?"

பெனாசிர் சிரிக்கவில்லை. பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது நான் வரைஞ்சதில்ல." பிரதியை மடியில் வைத்துக்கொண்டார். "துணியோடவே வந்தது. மத்ததெல்லாம் மாத்தினேன். இத மட்டும் மாத்த விடல, பூட்டி வெச்சிருந்தாங்க. இதயத் துடிப்பு நடுவுல விட்டுப்போனா வர்ற எச்சரிக்கை. இது எங்க வந்துச்சு?"

"பேரரசருக்கு. வர வர ஜாஸ்தியா வருது. நாங்க கை தட்டிட்டு இருக்கோம்."

டீ வந்தது.  கடைசியில் பெனாசிர் சொன்னது இதுதான்: விழா ஞாயிற்றுக்கிழமை, அது முடியட்டும், நானே பக்குவமாகப் பெரியவர் துரைசிங்கத்திடம் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறேன் மங்கை, என்றார். மங்கை தலையாட்டிவிட்டு வந்தாள். அவளுக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவள் ஆசிரியை.

மறுநாள் வங்கியில் சாப்பாட்டு இடைவேளையில் கோதண்டத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய இடது கை வலது கையை மூடிக்கொண்டது.

"மங்கைம்மா, ஒரு ஆயிரம் பேர் ஒரு சொல்ல தியாகம்னு எழுதி, தியாகம்னு படிச்சா, அது தியாகம்தான். மொழின்னா வேற என்ன?"

சார், அது மூத்திரம் என்றாள் மங்கை.

அது மூலம், வழக்கு வேறு என்றார் கோதண்டம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பேரரசருக்கு ஒன்றும் ஆகாது, மூன்று சீசன் ஓட்டிவிட்டார், இன்னும் நாலு நாள் ஓட்டமாட்டாரா என்றார். விழாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து இரண்டு பஸ் வருகிறது, பணம் கட்டிவிட்டார்கள், அவர்களிடம் போய் என்ன சொல்வது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சட்டைக் கையை முழுக்க இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, இனி வெயில் காலத்திலும் இப்படித்தான் போட வேண்டியிருக்கும் என்ற கவலையில் இருந்தார்.

அன்று பிற்பகல் கடைக்கு ஒரு ஆள் வந்தார். பலகையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை, ஆனால் கணீரென்று வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தப்பு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார், அடிச்சு விடாதீங்க, கண்ணு உங்களுது என்று மங்கை வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, முதலாளியிடம் தலைவலி என்று கிளம்பிவிட்டாள். பெனாசிருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்: மன்னிச்சிடுங்க மேடம், இன்னைக்கே போறேன்.

துரைசிங்கம் சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தார். நாற்பது வருஷம் நாட்டாமையும் நீதிபதியும் மாப்பிள்ளையின் அப்பாவுமாக நடித்து, யாருக்கும் பெயர் நினைவில் நிற்காத முகம். அறுபது தாண்டித்தான் பேரரசர் ஆனார். ரசிகை என்றதும் கதவை அகலமாகத் திறந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒரு புகைப்படத்தை எடுத்து, கையெழுத்துக்குக் கீழே நித்தியம் போட்டுக் கொடுத்தார். அழகாகப் போட்டார், பழகியிருக்கிறார்.

மங்கை அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் பேசவில்லை. வெங்காய இடத்தில் மட்டும், எனக்கு அப்பவே தெரியும் என்றார். கடைசியில் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நான் கல்லு மாதிரி இருக்கேம்மா. துணிக்கு என்ன தெரியும்."

மங்கைக்கு அவரை நம்பவைக்க வேறு எதுவும் கையில் இல்லை. அந்தக் காட்சிகளை மட்டும் மனப்பாடமாகத் தெரியும்.

"மூணாவது சீசன்ல அரியணைப் பேச்சு சார். 'என் மக்களே'ன்னு சொல்லிட்டு ஒரு இடத்துல நிறுத்துவீங்க. அந்த நிறுத்தத்துல மட்டும் இது ரெண்டு தடவ வருது. அப்ப என்ன ஆச்சு?"

துரைசிங்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார். 

"கண்ணு இருட்டிக்கிச்சு. வசனம் மறந்துபோச்சுன்னு நெனச்சேன். அப்புறம் வெளிச்சம் வந்துச்சு, மிச்சத்தச் சொன்னேன். டைரக்டர் ஓடி வந்து கட்டிப் புடிச்சிக்கிட்டாரு. அந்த நிறுத்தத்துக்குத்தாம்மா எனக்கு விருது குடுத்தாங்க."

அலமாரியில் விருது இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். நாற்பது வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே விருது, அதையும் இதயம் நடித்துக் கொடுத்திருக்கிறது.

"வைத்தியம் பார்த்துட்டா அந்த நிறுத்தம் வருமா?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

"பார்க்கலன்னா?"

"வரும் சார். ஒரு தடவ நிறுத்தினா நிறுத்தினதுதான்."

துரைசிங்கம் அவளை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். நாளைக்குப் போகிறேன் என்றார். ஆட்டோவைக் கீழே நிற்கவைத்திருக்கிறேன் என்றாள் மங்கை. நிற்கவைக்கவில்லை, அது பொய். அவர் சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய் ஒன்றைப் பிடித்து நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் கம்பியையும் பட்டையையும் ஒட்டிப் பார்த்தவர்கள் அவரைத் திரும்ப அனுப்பவில்லை. இந்த நிலையில் எப்படி மூன்று மாடி ஏறினீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, அவர் பேரரசர் குரலில் பதில் சொல்ல முயன்று பாதியில் நின்றார். அதை யாரும் நடிப்பு என்று நினைக்கவில்லை. நெஞ்சுக்குள் துடிப்பைச் சீராக்கும் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. பேரரசருக்குக் காய்ச்சல் என்று அறிவித்தார்கள். மங்கை போகவில்லை. அதற்கு முந்தின நாளே சங்கத்தில் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டாள், பெனாசிரின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. யாரும் நம்பவில்லை. நம்பாததோடு நிற்கவில்லை, போட்டித் தொடர்க்காரர்களிடம் எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். 'காதல்' ஜோடியின் மாப்பிள்ளை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று எழுதினான். மணப்பெண் எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. கோதண்டம் வருத்தத்தோடு ஒரு வரி போட்டுவிட்டு மங்கையைச் சங்கத்திலிருந்து நீக்கினார். அகராதி 'தொகுப்பு: கோதண்டம்' என்று வெளிவந்தது. பட்டுப்புடவையைத் தங்கச்சி கட்டிக்கொண்டு வேறு ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்தாள்.

விஷயம் நிறுவனத்துக்கு எட்டியும் பெனாசிரை விரட்டவில்லை. அவருக்கே அது ஆச்சரியம். நடிகர்கள் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் படப்பிடிப்பு பழையபடி இல்லை. நாயகி முதல் வேலையாக நாயகனின் சாப்பாட்டிலிருந்து வெங்காயத்தை எடுக்கச் சொன்னாள். வில்லனாக நடித்தவர் தன் அங்கியைவிட டைரக்டர் நெஞ்சில் ஒரு முழம் துணி கட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். ஒருவர் மட்டும், என் பொண்டாட்டி இந்தத் தொடர் பார்க்கிறாள் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டுப் போனார். அவர் அங்கியில் என்ன தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான்காவது சீசன் வந்தது. மங்கை தங்கச்சியின் பெயரில் சங்கத்துக்குள் நுழைந்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். முதல் எபிசோட் முடிந்த நிமிஷத்தில் சங்கம் கொந்தளித்தது. பேரரசர் அங்கியில் நித்தியம் இல்லை. ஒருமுறைகூட இல்லை. அதற்குப் பதிலாக இதுவரை பார்த்தேயிராத ஒரு புள்ளி வரிசை, அளவெடுத்து வைத்ததுபோல் சம இடைவெளியில், அவர் கோபப்பட்டாலும் அழுதாலும் கத்தினாலும் கொஞ்சமும் மாறாமல் ஓடியது. சாவைக் கடந்தவரை ஏன் இப்படிச் சாதாரண ஆளாக்கிவிட்டார்கள் என்று சிலர் அழுதார்கள். நடிகரை மாற்று என்று ஒரு கூட்டம் கையெழுத்து வாங்கத் தொடங்கியது.

கோதண்டம் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் புள்ளிகளை ஆராய்ந்தார். பிறகு தன் முடிவை நல்ல தமிழில் எழுதிப் போட்டார்: பேரரசர் ஆக்கான் இறந்துவிட்டார். இப்போது அரியணையில் இருப்பவரின் நெஞ்சுக்குள் ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அங்கே கொண்டு சேர்த்தது, அரண்மனைக்குள் பணிவாக நுழைந்த ஒரு பெண் துரோகி.

மங்கை அதை இரண்டு முறை படித்தாள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து சரியாக வாசிக்கப்பட்ட எழுத்து என்று பார்த்தால் இதுதான் முதலாவது. முதல் வாக்கியம் மட்டும் தப்பு. எத்தனையோ தப்புகளை விட்டுவிட்டோம், இதை விடக்கூடாது என்று தோன்றியது. பேரரசர் சாகவில்லை, மற்றதெல்லாம் சரி என்று தங்கச்சி பெயரில் ஒரு வரி எழுதினாள்.

நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தார்கள். நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும் என்றார்கள். ஆதாரம் எங்கே, ஆதாரத்தைக் காட்டு என்று கோதண்டமே கேட்டார்.

ஆதாரம் அப்போது சாலிகிராமத்திலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தது. டாக்டர் மட்டனைத் தொடக்கூடாது என்றுவிட்டாராம், உங்கள் பக்கம் சங்கரா மீன் புதுசாக எந்தக் கடையில் கிடைக்கும், சுத்தம் பண்ணியும் தருவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது.